எடை குறையும் முன்பே இறங்கும் சர்க்கரை: பரியாட்ரிக் சர்ஜரி உடலுக்குள் என்ன செய்கிறது?

ஆபரேஷன் முடிந்து மூன்றாம் நாள். கட்டிலை ஒட்டிய மேசையில் மருந்து அளக்கும் சின்ன பிளாஸ்டிக் குப்பி. 30 மி.லி. பிடிக்கும். அதில் தண்ணீரை ஊற்றி, கால் மணி நேரத்துக்கு ஒரு குப்பி என்ற கணக்கில் நோயாளி கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சிக்கொண்டிருக்கிறார். எடை இன்னும் பெரிதாக இறங்கவில்லை. நரம்பில் ஏற்றிய திரவத்தால் ஒரு கிலோ கூடியிருந்தாலும் ஆச்சரியமில்லை. செவிலியர் வந்து விரல் நுனியில் குத்தி, ஒரு துளி இரத்தத்தைப் பட்டையில் தொட்டு வைக்கிறார். பத்து ஆண்டுகளாக ஊசி போட்டும் அடங்காமல் இருந்த சர்க்கரை, இன்சுலினைப் பாதியாகக் குறைத்த பிறகும் அடங்கியே இருக்கிறது.

கடும் உடல் பருமனுக்காகச் செய்யும் அறுவை சிகிச்சைக்குப் பரியாட்ரிக் சர்ஜரி என்று பெயர். அதில் ஒரு வகையான இரைப்பை பைபாஸை (இதயத்துக்குச் செய்யும் பைபாஸ் வேறு) செய்துகொள்ளும் சர்க்கரை நோயாளிகளிடம் இப்படி நடப்பது வழக்கம். சாப்பாடே இல்லாதவருக்குச் சர்க்கரை எங்கிருந்து ஏறும் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். விளக்கத்தில் ஒரு பங்கு அதற்கும் உண்டு. ஆனால் அவ்வளவுதான் என்றால், சில வாரங்களில் சாதாரண உணவுக்குத் திரும்பியதும் சர்க்கரையும் பழைய இடத்துக்குத் திரும்பியிருக்க வேண்டும். பலருக்கு அப்படித் திரும்புவதில்லை.

அமெரிக்காவின் வட கரோலினாவில் பணியாற்றிய வால்டர் போரிஸ் என்ற அறுவை மருத்துவர் 1995-ல் தன் நோயாளிகளின் கணக்கை வெளியிட்டார். இரண்டாம் வகைச் சர்க்கரை நோயோடு வந்து பைபாஸ் செய்துகொண்ட 146 பேரில் 121 பேருக்குச் சர்க்கரை இயல்பு நிலைக்கு வந்திருந்தது. சர்க்கரை நோய் வாழ்நாள் முழுக்கக் கூடவே வரும், கூடிக்கொண்டுதான் போகும் என்று கற்றுக்கொடுத்த காலம் அது. பலர் அவரை நம்பவில்லை.

பொதுப் பேச்சில் இந்தச் சிகிச்சைக்கு ‘வயிற்றைச் சுருக்குகிற ஆபரேஷன்’ என்று பெயர். பை சிறுத்துவிட்டது, அதனால் சாப்பாடு குறைந்தது, அதனால் எடை இறங்கியது என்று ஒரே மூச்சில் கதை முடிந்துவிடும். இந்தக் கதைக்குள் மூன்றாம் நாள் சர்க்கரை அடங்காது. அதைப் புரிந்துகொள்ள, கத்தியைத் தொடும் முன் பசியைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும்.

பருமனானவர் கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போன அறிவுரை ஒன்று உண்டு: வாயைக் கட்டு, நாலு நடை நட. சில கிலோ கூடியிருப்பவருக்கு இது பயன்படும். நாற்பது, ஐம்பது கிலோ கூடுதலாகச் சுமப்பவர்களில் பெரும்பாலோர் இதையெல்லாம் பலமுறை செய்து, இளைத்து, மறுபடி ஏறியவர்கள். மன உறுதி இல்லை என்று அவர்களைக் குற்றம் சொல்வது எளிது. ஆனால் உடல் அந்த நேரத்தில் என்ன செய்கிறது என்று பார்த்தால் குற்றச்சாட்டு நிற்காது.

பட்டினி என்பது உடலுக்கு ஆபத்தின் அறிகுறி. சேமித்த கொழுப்பு குறையத் தொடங்கியதும் கொழுப்புத் திசுவிலிருந்து வரும் லெப்டின் என்ற ஹார்மோன் சரிகிறது. ‘கையிருப்பு குறைகிறது’ என்று மூளை அதைப் புரிந்துகொள்கிறது. இரைப்பையின் மேல்பகுதியில் சுரக்கும் கிரெலின் என்ற பசி ஹார்மோன் ஏறுகிறது. ஜப்பானிய விஞ்ஞானிகள் 1999-ல்தான் இதைக் கண்டுபிடித்தார்கள். மெல்போர்னில் ஐம்பது பேரை உணவுக் கட்டுப்பாட்டில் இளைக்க வைத்து, ஓர் ஆண்டு கழித்து மறுபடி பரிசோதித்தார்கள். 2011-ல் வெளியான அந்த ஆய்வில், பசியைத் தூண்டும் ஹார்மோன்கள் ஓராண்டுக்குப் பிறகும் பழைய அளவுக்கு அடங்காமல் இருந்தன. பசி உணர்வும் அப்படியே.

செலவுப் பக்கத்திலும் உடல் கையை இறுக்கிவிடுகிறது. அமெரிக்கத் தொலைக்காட்சியில் எடை குறைப்புப் போட்டி ஒன்றில் கலந்துகொண்ட 14 பேரை கெவின் ஹால் என்ற ஆராய்ச்சியாளரின் குழுவினர் ஆறு ஆண்டுகள் கழித்து அளந்தார்கள். இழந்த எடையில் பெரும்பகுதி திரும்பிவிட்டிருந்தது. ஆனால் சும்மா இருக்கும்போது அவர்கள் உடல் எரிக்கும் சக்தி, அந்த உடல்வாகுக்கு இருக்க வேண்டியதைவிட நாளொன்றுக்குச் சுமார் 500 கலோரி குறைவாகவே இருந்தது. ஒரு வேளைச் சாப்பாட்டின் அளவு அது. ஆறு ஆண்டுகளாக தினமும் ஒரு வேளைச் சாப்பாட்டை விட்டுக்கொடுத்தால்தான் எடை ஏறாமல் சமாளிக்க முடியும். இதை எத்தனை பேரால் முடியும் என்று யோசித்துவிட்டு அறிவுரை சொல்லலாம்.

எந்த எடையைத் தன் ‘சரியான’ எடை என்று உடல் வரித்துக்கொண்டதோ, அதைக் காக்க இப்படிப் போராடுகிறது. அறுவை சிகிச்சை கை வைப்பது இந்தப் போராட்டத்தின் மேல்தான். வேடிக்கை என்னவென்றால், இதைக் கண்டுபிடித்தவர்கள் இதைத் தேடிப் போகவே இல்லை.

1954-ல் மின்னசோட்டா பல்கலைக்கழக மருத்துவர்கள் சிறுகுடலின் பெரும்பகுதியை வழியிலிருந்து விலக்கிவிட்டு மீதிப் பகுதிகளை இணைக்கும் முறையை முன்வைத்தார்கள். உணவு உள்ளே போகும், உறிஞ்சப்படாமல் வெளியேறும். கணக்கு எளிமையானது, விளைவு கொடுமையானது. ஓயாத வயிற்றுப்போக்கு, சிறுநீரகக் கற்கள், சத்துக் குறைபாடு, சிலருக்கு ஈரலே செயலிழந்தது. எடை குறைந்தது உண்மைதான், ஆனால் ஆளும் சேர்ந்து குறைந்தார். அந்த முறை கைவிடப்பட்டது. ‘எடை குறைப்பு ஆபரேஷன் என்றால் ஆபத்து’ என்று இன்றும் பலர் சொல்வதற்கு அந்தக் காலத்தின் நிழலும் ஒரு காரணம்.

அயோவா பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் மேசன் என்பவர் வேறொன்றைக் கவனித்தார். வயிற்றுப் புண்ணுக்காக இரைப்பையின் ஒரு பகுதியை வெட்டி எடுத்த நோயாளிகள் அதன் பிறகு சதை போடுவதே இல்லை. எத்தனை சாப்பிட்டாலும் ஒல்லியாகவே இருந்தார்கள். புண் சிகிச்சையில் வேண்டாத பக்கவிளைவாக இருந்ததை, சிகிச்சையாகவே ஏன் பயன்படுத்தக் கூடாது? 1966-ல் சிகாஷி இத்தோ என்பவரோடு சேர்ந்து முதல் இரைப்பை பைபாஸைச் செய்தார்.

அதற்குப் பின் பல முறைகள் வந்து போயின. இரைப்பையின் கழுத்தில் இறுக்கித் தளர்த்தக்கூடிய வளையம் மாட்டும் முறைக்கு அமெரிக்கா 2001-ல் அனுமதி கொடுத்தது. எதையும் வெட்ட வேண்டாம், வேண்டாம் என்றால் கழற்றிவிடலாம் என்பதால் பெரிய வரவேற்பு. பத்துப் பதினைந்து ஆண்டுகளில் செல்வாக்கு சரிந்தது. வளையம் நழுவியது, சிலருக்கு இரைப்பைச் சுவரை அரித்தது, எடையும் எதிர்பார்த்த அளவு இறங்கவில்லை. இந்தத் தோல்வி ஒரு பாடம் சொல்கிறது. வாசலை மட்டும் குறுக்கினால் உள்ளே பசி அப்படியே இருக்கிறது. நோயாளி பசியோடு, விழுங்க முடியாமல் தவித்தார், அவ்வளவுதான்.

இன்று உலகில் மிக அதிகமாகச் செய்யப்படும் ‘ஸ்லீவ்’ முறையும் திட்டமிட்டு வந்ததல்ல. மிகப் பெரிய உடலோடு வருபவர்களுக்கு நீண்ட, சிக்கலான ஆபரேஷனை ஒரே மூச்சில் செய்வது ஆபத்து என்பதால், 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் நியூயார்க்கில் மிஷெல் கானியே என்ற அறுவை மருத்துவரின் குழுவினர் அதை இரண்டு கட்டமாகப் பிரித்தார்கள். முதலில் இரைப்பையை மட்டும் குறைப்பது, எடை கொஞ்சம் இறங்கிய பிறகு குடலில் கை வைப்பது. முதல் கட்டம் முடிந்தவர்களில் பலருக்கு இரண்டாம் கட்டமே தேவைப்படவில்லை. பாதி ஆபரேஷன் முழு ஆபரேஷனாகிவிட்டது.

ஸ்லீவ் எப்படி நடக்கிறது? வயிற்றில் ஐந்தாறு சிறு துளைகள். ஒன்றின் வழியே கேமரா, மற்றவற்றில் கருவிகள். வாய் வழியாக ஒரு மென்மையான குழாயை இரைப்பைக்குள் விடுகிறார்கள். வெட்டுக்கு அதுதான் அளவுகோல். அந்தக் குழாயை ஒட்டியபடி, கீழிருந்து மேலாக, ஸ்டேப்ளர் ஒரே அழுத்தில் வெட்டவும் தைக்கவும் செய்கிறது. இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் துண்டாகி, ஒரு துளை வழியே வெளியே எடுக்கப்படுகிறது. உள்ளே மிஞ்சுவது வாழைப்பழ வடிவில் ஒரு குறுகிய குழல். வெட்டியதை மறுபடி ஒட்ட முடியாது. கிரெலின் அதிகம் சுரக்கும் மேல்பகுதியும் அந்தத் துண்டோடு போய்விடுகிறது என்பதுதான் இதன் சூட்சுமம்.

பைபாஸில் எதையும் வெளியே எடுப்பதில்லை. இரைப்பையின் மேல்முனையில் சுமார் 30 மி.லி. கொள்ளும் சின்னப் பையைத் தனியாகப் பிரித்து, சிறுகுடலைக் கீழே ஓரிடத்தில் வெட்டி, அதன் முனையை மேலே கொண்டுவந்து அந்தப் பையோடு தைக்கிறார்கள். பழைய இரைப்பையும் குடலின் முதல் பகுதியும் தங்கள் சாறுகளோடு இன்னும் கீழே வந்து சேர்ந்துகொள்கின்றன. வரைந்து பார்த்தால் ஆங்கில ‘ஒய்’ எழுத்துப் போல இருக்கும். இந்த இணைப்பைப் பிரபலமாக்கிய சுவிஸ் மருத்துவர் சேசர் ரூவின் பெயர் அதோடு ஒட்டிக்கொண்டது.

இப்போது மூன்றாம் நாள் சர்க்கரைக்குத் திரும்பலாம். குடல் வெறும் குழாய் கிடையாது. உடலின் மிகப் பெரிய ஹார்மோன் சுரப்பி என்றே அதைச் சொல்லலாம். குடலின் கடைப்பகுதிக்கு உணவு வந்து சேர்ந்தால் அங்குள்ள செல்கள் ஜிஎல்பி-1, பிஒய்ஒய் போன்ற ஹார்மோன்களை இரத்தத்தில் கலக்கின்றன. ‘போதும்’ என்று மூளைக்குச் சொல்பவை இவை. ஜிஎல்பி-1 இன்னொரு வேலையும் செய்கிறது, கணையத்தைத் தட்டி இன்சுலினைச் சுரக்க வைக்கிறது. சாதாரணமாக உணவு கடைப்பகுதியை அடைவதற்குள் பெரும்பகுதி செரித்து உறிஞ்சப்பட்டுவிடும். பைபாஸ் செய்தவருக்கு உணவு குறுக்கு வழியில் சீக்கிரமே அங்கே போய்ச் சேர்கிறது. சின்னத் தட்டில் நாலு கவளத்துக்கு, ஒரு பெரிய விருந்துக்கு உண்டான ‘போதும்’ சமிக்ஞை கிளம்புகிறது. ஸ்லீவிலும் இரைப்பை வேகமாகக் காலியாவதால் இதே மாற்றம் நிகழ்கிறது.

பித்த அமிலங்களின் ஓட்டமும் மாறுகிறது, குடல் பாக்டீரியாக்களின் கூட்டமும் மாறுகிறது. எடையே கூடாத, ஆனால் சர்க்கரை நோய் உள்ள எலிகளின் குடலின் முதல் பகுதியை மட்டும் விலக்கிவைத்துப் பார்த்தார் அறுவை மருத்துவர் பிரான்செஸ்கோ ரூபினோ. 2004-ல் வெளியான அந்தச் சோதனையில் எலிகள் இளைக்கவில்லை, சர்க்கரை மட்டும் மேம்பட்டது. இதில் எந்த மாற்றத்துக்கு எவ்வளவு பங்கு என்று ஆராய்ச்சியாளர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். நோயாளிகள் சொல்வது எளிமையாக இருக்கிறது: “முன்னாடி சாப்பாட்டைப் பத்தின நினைப்பு மண்டைக்குள்ள ஓடிக்கிட்டே இருக்கும். இப்ப அந்தச் சத்தமே இல்லை.”

2016-ல் உலகின் முக்கியமான நீரிழிவு அமைப்புகள் உட்பட 45 அமைப்புகள், குறிப்பிட்ட நோயாளிகளுக்கு இந்த அறுவை சிகிச்சையைச் சர்க்கரை நோய்க்கான சிகிச்சைப் பட்டியலிலேயே சேர்க்க வேண்டும் என்று ஒப்புக்கொண்டன. போரிஸை நம்ப மறுத்து இருபது ஆண்டுகள் கழித்து.

யாருக்கு இது? கிலோவில் உள்ள எடையை, மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வருவது பிஎம்ஐ. 165 செ.மீ. உயரமும் 110 கிலோ எடையும் உள்ளவருக்கு அது 40-ஐத் தாண்டுகிறது. 1991-ல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனம் வகுத்த விதிப்படி பிஎம்ஐ 40 இருக்க வேண்டும், அல்லது 35-க்கு மேல் இருந்து சர்க்கரை, இரத்த அழுத்தம், தூக்கத்தில் மூச்சு நின்றுபோகும் ஸ்லீப் ஆப்னியா போன்ற துணை நோய்கள் இருக்க வேண்டும். முப்பது ஆண்டுகள் இந்த எண்தான் கோலோச்சியது. 2022-ல் அமெரிக்க, சர்வதேச அறுவை மருத்துவச் சங்கங்கள் கோட்டைக் கீழே இறக்கின. 35-க்கு மேல் என்றால் துணை நோய் இல்லாவிட்டாலும் பரிந்துரைக்கலாம். 30-க்கு மேல் இருந்து வளர்சிதை மாற்ற நோய்கள் உள்ளவர்களுக்கும் யோசிக்கலாம். ஆசிய உடல்வாகில் குறைந்த எடையிலேயே வயிற்றுக் கொழுப்பும் சர்க்கரையும் வந்துவிடுவதால் அவர்களுக்கு 27.5-லிருந்தே யோசிக்கலாம். தசை எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு, அந்தக் கொழுப்பு எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பிஎம்ஐ சொல்லாது. அந்த எண்ணை மட்டும் பார்த்து முடிவெடுக்கும் மருத்துவரிடம் அவசரப்பட்டுப் படுத்துவிட வேண்டாம்.

அழகுக்காகக் கொழுப்பை உறிஞ்சி எடுக்கும் லைப்போசக்‌ஷனோடு இதைக் குழப்பிக்கொள்பவர்களும் உண்டு. அது தோலுக்கடியில் உள்ள கொழுப்பை மட்டும் எடுப்பது. பசிக்கும் சர்க்கரைக்கும் அதனால் ஒன்றும் ஆகாது.

பலன் நிலைக்குமா என்பதற்கு மிக நீண்ட சாட்சியம் ஸ்வீடனிலிருந்து வருகிறது. 1987-ல் தொடங்கிய ஆய்வில், அறுவை செய்துகொண்ட சுமார் 2,000 பேரையும் அவர்களை ஒத்த, வழக்கமான சிகிச்சை பெற்ற சுமார் 2,000 பேரையும் தொடர்ந்து கவனித்துவருகிறார்கள். பதினைந்து ஆண்டுகள் கழிந்த பிறகும் பைபாஸ் செய்தவர்கள் தொடக்க எடையில் சராசரியாக 27 சதவீதம் குறைந்தே இருந்தார்கள். அறுவை செய்யாதவர்களின் எடை இருந்த இடத்திலேயே இருந்தது. ஆய்வின் முக்கிய முடிவுகள் 2007-ல் வந்தபோது, மற்ற வேறுபாடுகளைக் கணக்கில் கொண்ட பிறகு, இறப்பு அபாயம் 29 சதவீதம் குறைந்திருந்தது. அந்த நோயாளிகளில் பெரும்பாலோருக்குச் செய்யப்பட்டவை இன்று வழக்கொழிந்த பழைய முறைகள் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

அதே ஆய்வு கசப்பான எண்களையும் தருகிறது. சர்க்கரை நோய் இருந்தவர்களில் 72 சதவீதம் பேருக்கு இரண்டாம் ஆண்டில் அது அடங்கியிருந்தது. பதினைந்தாம் ஆண்டில் அப்படி அடங்கியிருந்தவர்கள் 30 சதவீதம்தான். மருந்தை மட்டும் நம்பியிருந்தவர்களின் நிலையோடு ஒப்பிட்டால் இது பெரிய வெற்றி. ‘ஆபரேஷன் பண்ணினா சர்க்கரை போயிடும்’ என்ற விளம்பரத்தோடு ஒப்பிட்டால் தோல்வி. நோய் தொடங்கிச் சில ஆண்டுகளிலேயே, இன்சுலின் ஊசிக்குப் போகும் முன்பே வருபவர்களுக்குப் பலன் அதிகம். இன்சுலின் சுரக்கும் செல்கள் ஓய்ந்துபோன கணையத்தை எந்த ஹார்மோன் தட்டினாலும் அது எழுந்திருக்காது.

ஆபத்தைப் பற்றி இரண்டு விதமான பொய்கள் உலவுகின்றன. உயிருக்கே ஆபத்து என்பது ஒன்று. அமெரிக்காவில் பத்து மருத்துவமனைகளில் 4,776 நோயாளிகளைக் கண்காணித்து 2009-ல் வெளியான ஆய்வில் முப்பது நாட்களுக்குள் இறந்தவர்கள் 0.3 சதவீதம், அதாவது ஆயிரத்துக்கு மூவர். பித்தப்பையை எடுப்பது போன்ற அன்றாட ஆபரேஷன்களோடு ஒப்பிடக்கூடிய அளவு இது. தையலில் கசிவு, இரத்தக்கசிவு, காலில் உறைந்த இரத்தம் நுரையீரலுக்குப் போய் அடைப்பது ஆகியவைதான் முதல் வாரங்களில் மருத்துவர்கள் அஞ்சுபவை. வீட்டுக்குப் போனவருக்கு நாடித்துடிப்பு எகிறினாலோ, காய்ச்சலோ மூச்சுத்திணறலோ வந்தாலோ, ‘கேஸ் பிரச்னையாக இருக்கும்’ என்று படுத்துக்கொள்ளாமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இரண்டாவது பொய், எல்லாம் ஒரே நாளில் முடிந்துவிடும் என்பது. நீண்டகாலச் சிக்கல்கள் மெதுவாக வருபவை, அதனால் கவனத்திலிருந்து தப்பிவிடுபவை. இரும்புச் சத்தும் கால்சியமும் முக்கியமாக உறிஞ்சப்படும் குடல் பகுதியைத்தான் பைபாஸ் விலக்கிவைக்கிறது. பி12-ஐ உறிஞ்சத் துணைபுரியும் பொருள் இரைப்பையில் சுரப்பது, அந்த இரைப்பையே இப்போது ஒதுங்கிவிட்டது. எனவே விட்டமின், தாது மாத்திரைகள் ஆயுள் முழுக்க. ‘நல்லாத்தானே இருக்கேன்’ என்று மூன்றாம் ஆண்டில் மாத்திரையை நிறுத்துபவர், சில ஆண்டுகளில் இரத்தசோகையோடும் கால் மரமரப்போடும் வருவார். முதல் மாதங்களில் வாந்தி நிற்காமல் போனால் தையமின் என்ற பி1 விட்டமின் தீர்ந்து மூளையே பாதிக்கப்படலாம். சில நாட்கள் தாமதமும் நிரந்தரக் கேடாகலாம். எளிதில் தடுக்கக்கூடியது என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

வேகமாக இளைப்பவர்களுக்குப் பித்தப்பையில் கல் சேர்வது சகஜம், அதைத் தடுக்க முதல் ஆறு மாதம் மாத்திரை தருவதுண்டு. ஸ்லீவுக்குப் பின் நெஞ்செரிச்சல் கூடலாம். ஏற்கெனவே கடும் நெஞ்செரிச்சல் உள்ளவருக்கு பைபாஸே பொருத்தம் என்று பல மருத்துவர்கள் சொல்வது இதனால்தான். பைபாஸ் செய்தவர் இனிப்பை அள்ளிச் சாப்பிட்டால் வியர்த்து, படபடத்து, வயிறு கலக்கிப் படுத்துவிடுவார். ‘டம்ப்பிங்’ என்பார்கள். தலைவலிக்கும் மூட்டுவலிக்கும் வாங்கிப்போடும் சில வலிமருந்துகளும் புகையும் தையல் இருக்கும் இடத்தில் புண்ணை உண்டாக்கும். மது பைபாஸுக்குப் பின் சட்டென்று இரத்தத்தில் ஏறுகிறது, இரண்டாம் ஆண்டிலிருந்து குடி அடிமைத்தனம் கூடுவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கருத்தரிப்பதை ஒன்று, ஒன்றரை ஆண்டு தள்ளிப்போடச் சொல்வார்கள். இளைத்ததும் கருத்தரிக்கும் வாய்ப்பே கூடிவிடும் என்பதால், இது முன்கூட்டியே பேசிவைக்க வேண்டிய விஷயம்.

அன்றாடம் எப்படி இருக்கும்? முதலில் தெளிந்த திரவம், பிறகு கூழ் பதம், பிறகு மசித்தது, ஒன்றரை இரண்டு மாதத்தில் திட உணவு. சாப்பிடும்போது தண்ணீர் கூடாது, அரை மணி நேரம் இடைவெளி வேண்டும். தட்டில் புரதத்தை முதலில் முடிக்க வேண்டும், நாளொன்றுக்கு 60 கிராமாவது. மூன்றாம் மாதவாக்கில் தலைமுடி கொத்துக்கொத்தாக உதிரும். பயமுறுத்தும், பெரும்பாலும் மறுபடி முளைத்துவிடும். தொங்கிப்போகும் தோல் அப்படித் தானாகச் சரியாகாது. எடை ஒன்றரை ஆண்டு வரை இறங்கும், பிறகு நிற்கும், அதன்பின் பலருக்குக் கொஞ்சம் ஏறும். அந்த ஏற்றத்தைத் தோல்வி என்று நினைத்து வெட்கப்பட்டு மருத்துவரிடம் போகாமல் இருப்பதுதான் உண்மையான சிக்கல். ‘ஆபரேஷன் பண்ணித்தானே இளைச்சே’ என்று சொந்தக்காரர்கள் சொல்லும் குத்தலும் அந்த வெட்கத்தைக் கூட்டுகிறது. மூட்டு மாற்று சிகிச்சை செய்துகொண்டு நடப்பவரிடம் யாரும் அப்படிக் கேட்பதில்லை.

இப்போது ஊசிகளும் வந்துவிட்டன. குடலிலிருந்து கிளம்பும் அதே ஜிஎல்பி-1-ன் வேலையைச் செய்யும் செமாக்ளுடைட், 2021-ல் வெளியான ஆய்வில் சுமார் 15 சதவீத எடையைக் குறைத்தது. அடுத்த ஆண்டு டிர்செபடைட் என்ற இன்னொரு ஊசி மருந்து உயர்ந்த அளவில் ஏறத்தாழ 21 சதவீதத்தை எட்டியது. அறுவை சிகிச்சை தரும் 25, 30 சதவீதத்துக்கு அருகே முதன்முறையாக மருந்து வந்து நிற்கிறது. ஆனால் செமாக்ளுடைட்டை நிறுத்திய ஓராண்டில், குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டது. கத்தியா ஊசியா என்ற பட்டிமன்றம் இனி அதிக நாள் ஓடாது என்று நினைக்கிறேன். ஆபரேஷனுக்கு முன் எடையை இறக்கவும், பின்னால் ஏறுவதைப் பிடித்து நிறுத்தவும் ஊசியைப் பயன்படுத்துவது ஏற்கெனவே தொடங்கிவிட்டது.

மாறாமல் இருப்பது தாமதம். அறுவைக்குத் தகுதி உள்ளவர்களில் மிகச் சிலரே அதைச் செய்துகொள்கிறார்கள், அவர்களும் எல்லாம் கெட்டுப்போன பிறகு வருகிறார்கள். ஸ்வீடன் ஆய்வின் 2020-ஆம் ஆண்டுக் கணக்கில், அறுவை செய்தவர்கள் செய்யாத பருமனானவர்களைவிட மூன்று ஆண்டுகள் கூடுதலாக வாழ்ந்தார்கள். பொது மக்களின் ஆயுளோடு ஒப்பிட்டால் இன்னும் ஐந்தரை ஆண்டு குறைவு. இரத்தக் குழாய்களும் இதயமும் ஈரலும் அதற்குள் பட்ட அடியில் ஒரு பகுதி, இறங்கிய எடையோடு சேர்ந்து இறங்கவில்லை.

முதலில் பார்த்த நோயாளியின் கணையமும் பத்து ஆண்டு இன்சுலினைக் கண்டது. நாலாம் நாள் அவர் வீட்டுக்குப் போகும்போது ஊசி பாதியாகியிருக்கிறது, நிற்கவில்லை. சர்க்கரை குணமாகிவிட்டதா என்று கேட்டால், தணிந்திருக்கிறது என்று மருத்துவர் சொல்கிறார். கையில் ஒரு சீட்டு. இரண்டு வாரம், மூன்று மாதம், ஆறு மாதம், ஒரு வருடம் என்று அதில் தேதிகள் எழுதியிருக்கின்றன. அதற்குக் கீழே ‘வருடம் ஒருமுறை இரத்தப் பரிசோதனை’ என்று இருக்கிறது. எத்தனை வருடம் என்று எழுதவில்லை.